நீண்ட குடும்ப முகாம் பயணத்தில் ஓர் ஓய்வு நாள்: படிப்படியான வழிகாட்டி

பல நாட்கள் கூடாரத்தில் தங்கி, இடம்விட்டு இடம் நகரும் குடும்பப் பயணத்தின் நடுவே, வண்டியை எடுக்காமல் ஒரு முழு நாளை ஒரே தளத்தில் கழிப்பதையே இக்கட்டுரையில் ஓய்வு நாள் என்று குறிப்பிடுகிறேன். முதல்முறையாக இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவோர் பலர், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மலைப்பாதை, ஓர் ஏரி, ஒரு காட்சிமுனை என்று அட்டவணையை நிரப்பிவிட்டு, ஓய்வை மட்டும் "களைப்பாக இருந்தால் அங்கேயே ஒரு நாள் இருந்துவிடலாம்" என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட நாள் பெரும்பாலும் வருவதே இல்லை. களைப்புத் தெரியும் வேளையில் அந்தத் தளத்தில் மறுநாள் இரவுக்கு இடம் இருக்காது. இடம் கிடைத்தால், அழுக்குத் துணியும் காலியான தண்ணீர்க் கேனும் அந்த நாளை விழுங்கிவிடும். இந்த அலைச்சலை எங்கள் குடும்பமும் பட்ட பிறகுதான் கீழுள்ள முறை உருவானது. தேதி, முன்பதிவு, வேலைப் பகிர்வு ஆகிய மூன்றும் வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே முடிவாகியிருந்தால் ஓய்வு நாள் தானாக அமையும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அது இன்னொரு வேலை நாளாகிவிடும்.

1. எந்த நாள் என்பதை முதலில் குறியுங்கள்

பயணத்தின் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, இடங்களை நிரப்பும் முன்பே ஓய்வு நாட்களை வட்டமிட்டுவிடுங்கள். இடங்களை முதலில் நிரப்பினால் எதையும் விட்டுக்கொடுக்க மனம் வராது. சிறு குழந்தைகளோ முதியவர்களோ உடன் வருகிறார்கள் என்றால் நான்கு நாட்களுக்கு ஒருமுறையும், எல்லோரும் நடக்கப் பழகியவர்கள் என்றால் ஐந்து அல்லது ஆறு நாட்களுக்கு ஒருமுறையும் ஓய்வு வைப்பது எங்கள் அனுபவத்தில் சரியாக இருக்கிறது. வாரம் முழுவதும் பொறுத்துக்கொண்டு கடைசியில் இரண்டு நாட்கள் சேர்த்து ஓய்வெடுக்கலாம் என்ற கணக்கு தாள்மேல் அழகாகத் தெரியும், ஆனால் அதற்குள் பிள்ளைகளின் பொறுமை தீர்ந்துபோயிருக்கும்.

நீண்ட தூரம் வண்டி ஓட்டிய நாளுக்கோ, கடினமான மலையேற்றத்துக்கோ அடுத்த நாளில் ஓய்வு வருமாறு பாருங்கள். ஓய்வு நாளுக்கு மறுநாளைப் பயணத்திலேயே மிக நீண்ட ஓட்ட நாளாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஓய்வு நாளின் பிற்பகல் முழுவதும் மூட்டை கட்டுவதில் கழியும். வார இறுதியையும் இயன்றவரை தவிர்க்கலாம். அப்போது தளங்கள் நிரம்பிவழியும், இரைச்சல் மிகும், கட்டணமும் பல இடங்களில் கூடும்.

2. இரவுகளை எண்ணி முன்பதிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முகாம் தளங்கள் இரவுக் கணக்கில்தான் இடம் தருகின்றன. பெரும்பாலான தளங்களில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். மறுநாள் முற்பகல் 10 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையில் காலி செய்யச் சொல்வார்கள். ஓர் இரவுக்கு மட்டும் பதிந்தால், கூடாரம் அடித்துச் சமைத்து உறங்கி எழுந்து பிரிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். இரண்டு இரவுகள் பதிந்தால் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். மூன்று இரவுகள் என்றால் இரண்டு முழு நாட்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை அருகிலுள்ள இடங்களைப் பார்க்கவும் மற்றொன்றை ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்த மூன்றிரவு ஏற்பாட்டையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒரு கூடாரத்தையும் அதன் உள்பொருட்களையும் எடுத்துவைக்கவும் மறுபடி விரிக்கவும் ஒவ்வொரு முறையும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது.

இணையவழி முன்பதிவில் ஒரு பொறி உண்டு. தேதிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால், முதல் இரவுக்கு ஓர் இட எண்ணும் இரண்டாம் இரவுக்கு வேறோர் இட எண்ணும் ஒதுக்கப்படலாம். இரண்டும் ஒரே தளத்துக்குள் இருப்பதால் உறுதிச்சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் இது கண்ணில் படாது. ஓய்வு நாளன்று காலையில் கூடாரத்தைப் பிரித்து நூறு மீட்டர் தள்ளி மீண்டும் அடிப்பதைவிட நாளைக் கெடுக்கும் வேலை வேறில்லை. ஆகவே இரண்டு இரவுகளையும் ஒரே பதிவாக, ஒரே இட எண்ணுக்குச் செய்யுங்கள். உறுதிச்சீட்டில் இட எண், வந்துசேரும் தேதி, காலி செய்யும் தேதி ஆகிய மூன்றையும் சரிபாருங்கள்.

எப்போது பதிய வேண்டும் என்பது தளத்தைப் பொறுத்தது. பள்ளி விடுமுறைக் காலத்தில் பெயர்பெற்ற தளங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். சில தளங்கள் முன்பதிவே ஏற்காமல், வருகிறவர்களுக்கு வரிசைப்படி இடம் தரும். ஓய்வு நாளுக்கு இந்த இரண்டாம் வகைத் தளத்தை நம்ப வேண்டாம். சுற்றிப் பார்க்கும் நாட்களுக்கு அவற்றை வைத்துக்கொண்டு, ஓய்வு நாளை மட்டும் உறுதியான முன்பதிவு உள்ள தளத்தில் வையுங்கள்.

பதியும்போதே ரத்து விதிகளையும் படித்துவிடுங்கள். தேதியை ஒரு நாள் தள்ளிவைப்பதைச் சில தளங்கள் ரத்தாகவே கருதிக் கட்டணம் பிடிக்கின்றன. முதல் நாள் இரவு வந்துசேராவிட்டால் முழுப் பதிவையும் விடுவித்துவிடும் தளங்களும் உண்டு. வழியில் தாமதமாகிறது என்று தெரிந்தால், கைபேசிக்குச் சிக்னல் இருக்கும் இடத்திலிருந்தே தள அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

3. ஆவணங்களை ஒரே உறையில் வையுங்கள்

தண்ணீர் புகாத, இழுத்து மூடும் உறை ஒன்றில் எல்லாவற்றையும் வைத்து, வண்டியின் முன்பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை: முன்பதிவு உறுதிச்சீட்டின் அச்சுப்படி, பதிவு செய்தவரின் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவுச் சான்று, வாகனக் காப்பீடு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் சீட்டு. யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் அதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேலேயே வையுங்கள். கைபேசியில் படமாக இருக்கிறதே என்று அச்சுப்படியைத் தவிர்க்காதீர்கள். முகாம் தளங்களில் சிக்னல் கிடைக்காத இடங்கள் ஏராளம், கைபேசியின் சார்ஜும் ஒருநாள் காலைவாரும்.

யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர் நேரில் வரவேண்டும் என்பது பல தளங்களின் விதி. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செல்லும்போது ஒருவரே இரண்டு இடங்களையும் தம் பெயரில் பதிந்துவிட்டுத் தாமதமாக வந்தால், முன்னே வந்த குடும்பம் வாசலிலேயே காத்திருக்க நேரும். அடுப்புக் குழியில் நெருப்பு மூட்டவும், மீன் பிடிக்கவும் தனி அனுமதி தேவைப்படும் இடங்களும் உள்ளன. ஓய்வு நாளன்றுதான் பிள்ளைகளுக்குத் தூண்டில் நினைவு வரும் என்பதால், அந்த அனுமதி வேண்டுமென்றால் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டுமோ, தாத்தா பாட்டி மட்டுமோ குழந்தையுடன் நாட்டு எல்லையைக் கடப்பதாக இருந்தால் மற்றப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படலாம். செல்லப் பிராணி உடன் வந்தால் அதன் தடுப்பூசிச் சான்றும் உறையில் இருக்கட்டும்.

தளத்தில் இறங்கியவுடன் ஒரு துண்டுத் தாளில் தளத்தின் பெயர், உங்கள் இட எண், அலுவலகத்தின் தொலைபேசி எண், அப்பகுதியின் அவசர உதவி எண், மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கான வழி ஆகியவற்றை எழுதிக் கூடாரத்துக்குள் தொங்கவிடுங்கள். பெரியவர் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கும்போது குழந்தையோ மற்றவரோ உதவி கேட்க வேண்டியிருந்தால், எங்கிருக்கிறோம் என்பதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

4. செலவைக் கணக்கிடுங்கள்

ஓய்வு நாளுக்குக் கூடுதல் செலவு என்று பலர் தயங்குகிறார்கள். ஓர் இரவின் இடக் கட்டணம் கூடுவது உண்மையே. அதே நாளில் எரிபொருள், சுங்கம், நுழைவுச் சீட்டு, வழியுணவு ஆகியவை இல்லாமல் போவதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல பயணங்களில் ஓய்வு நாளே செலவு குறைந்த நாளாக முடியும்.

ஆயினும் இடக் கட்டணத்துக்கு வெளியே ஒளிந்திருக்கும் செலவுகள் சில உண்டு. அடிப்படைக் கட்டணத்தில் இத்தனை பேர், ஒரு வண்டி என்று வரம்பு இருக்கும். இரண்டாவது வண்டிக்கும் கூடுதல் ஆட்களுக்கும் ஒவ்வோர் இரவும் தனிக் கட்டணம் ஏறும். மின்இணைப்பு உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் விலை வேறு. வெந்நீர்க் குளியலுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நாணயம் போட வேண்டிய தளங்கள் இருக்கின்றன, அங்கே தாள் பணம் உதவாது. சில்லறையை ஒரு சிறு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாமல் தளத்தின் அருகிலேயே வாங்க வேண்டும், ஏனெனில் விறகோடு பூச்சிகளும் மர நோய்களும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பரவுகின்றன. பதிவுக்கட்டணம் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக வசூலிக்கப்படுவதால், இரண்டு இரவுகளை இரண்டு பதிவுகளாகச் செய்வது பணத்துக்கும் நட்டம்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். பிற்பகலில் சலிப்பு வந்து, "பக்கத்து ஊர்க் கடைத்தெருவுக்கு ஒரு நடை போய்வரலாமே" என்று யாராவது தொடங்குவார்கள். அந்த ஒரு நடையில் போகும் பணம் அடுத்த தளத்தின் இடக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

5. ஓய்வுக்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஓர் இரவு மட்டும் தங்கும்போது எந்த இடமும் போதும். பகல் முழுவதும் இருக்கப்போகிற இடத்துக்கு அளவுகோல் வேறு. தளத்தின் வரைபடத்தில் நுழைவாயில், குப்பைத் தொட்டிகள், கழிப்பறை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பார்த்து, அவற்றை ஒட்டிய இடங்களைத் தவிருங்கள். இரவில் கதவு அடிபடும் ஓசையும் விளக்கொளியும் உறக்கத்தைக் கெடுக்கும். அதேவேளை சிறு குழந்தையை இருட்டில் அழைத்துப்போகும் தொலைவில் கழிப்பறையும், கேனைத் தூக்கிவரும் தொலைவில் குழாயும் இருக்க வேண்டும்.

நிழலைத் திசையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடாரத்துக்குக் கிழக்கே மரங்கள் இருந்தால் காலை வெயில் உடனே உள்ளே புகாது, எல்லோரும் இன்னும் சற்று நேரம் உறங்கலாம். மேற்கே மரங்கள் இருந்தால் பிற்பகல் வெப்பம் தணியும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் மேற்கு நிழலைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பிற்பகல் உறக்கம் ஓய்வு நாளின் முதன்மையான பயன். தொடர்ந்து வெயிலில் நிற்கும் நைலான் துணி புற ஊதாக் கதிரால் வலுவிழக்கும் என்பதாலும் கூடாரத்துக்கு நிழல் நல்லது. துணிக் கொடிக்கு மட்டும் வெயில் விழும் ஒரு துண்டு நிலம் வேண்டும்.

முளை அடிக்கும் முன் தலையை உயர்த்தி மேலே பாருங்கள். காய்ந்த கிளையோ, பாதி முறிந்து தொங்கும் கிளையோ உள்ள மரத்தடியில் கூடாரம் வேண்டாம். தாழ்வான பள்ளத்தில் மழைநீர் தேங்கும். இரவில் குளிர்ந்த காற்றும் அங்கேதான் இறங்கித் தங்கும். குறித்த இடங்கள் இல்லாத திறந்த காட்டுப் பகுதியில் தங்குவதாக இருந்தால், நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது விலகிக் கூடாரம் அடியுங்கள்.

6. முந்தைய நாளே கொள்முதலை முடியுங்கள்

ஓய்வு நாள் அதற்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. தளத்துக்கு வரும் வழியில் எரிபொருள் நிரப்பி, இரண்டு நாட்களுக்கான உணவுப்பொருளும் ஐஸும் குடிநீரும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாக வந்துசேருங்கள். இருட்டிய பின் டார்ச் வெளிச்சத்தில் அவசரமாக அடித்த கூடாரத்தை மறுநாள் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வைத்தால் குடிக்கவும் எளிய சமையலுக்கும் போதும். நால்வருக்கு 16 லிட்டர்; துணி அலசுவதாக இருந்தால் இதைப்போல் இன்னொரு பங்கு வேண்டும். தளத்துக் குழாய்நீர் குடிக்கத் தக்கதா என்பதை அறிவிப்புப் பலகையில் பாருங்கள். ஐயமிருந்தால் நீரைக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பின் 1 நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம் கொதிக்க வேண்டும், ஏனெனில் உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது.

ஐஸ் பெட்டியில் பெரிய கட்டி ஐஸ் நெடுநேரம் தாங்கும், சிறு துண்டுகள் விரைவாகக் குளிர்விக்கும். இரண்டையும் கலந்து போடுவது நல்லது. உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதால் விலைகுறைந்த வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டுவையுங்கள். ஓய்வு நாளில் எல்லோரும் அருகிலேயே இருப்பதால் பெட்டியை அடிக்கடி திறப்பார்கள், அன்றுதான் ஐஸ் விரைவில் கரையும். குடிக்கும் பாட்டில்களை வேறொரு சிறு பெட்டிக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

7. காலை வேலைகளுக்கு ஒரு எல்லை வையுங்கள்

ஓய்வு நாளிலும் செய்தே ஆகவேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைப் பகல் முழுவதும் சிறுசிறு துண்டுகளாகப் பரவவிட்டால் நாள் முடிந்திருக்கும், யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காலைச் சிற்றுண்டிக்குப் பின் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்து, எல்லோரும் ஒன்றாகச் செய்து, 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். 10 மணிக்கு முடியாமல் எஞ்சிய வேலை அடுத்த ஓய்வு நாளுக்குப் போகட்டும்.

துணியை முதலில் துவையுங்கள், மற்ற வேலைகள் நடக்கும் நேரத்தில் அது காயும். எல்லாத் துணியையும் துவைக்க முனையாமல் உள்ளாடை, காலுறை, குழந்தைகளின் மேற்சட்டை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலசிய துணியை உலர்ந்த துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்கினால் பெரும்பகுதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். செயற்கை இழைத் துணி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தடித்த பருத்தித் துணி மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கக்கூடும், அதை ஈரத்தோடு மூட்டைகட்டினால் வண்டி முழுவதும் வாடை வரும். மண்ணில் மட்கும் சோப்பு என்று அச்சிட்டிருந்தாலும் ஓடையிலோ ஏரியிலோ இறங்கித் துவைக்கக் கூடாது. தளத்தில் அதற்கென்று தொட்டி இருந்தால் அங்கேயும், இல்லாவிட்டால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி வாளியிலும் துவைத்து, அழுக்கு நீரை மண்ணில் பரவலாகத் தெளித்துவிடுங்கள்.

அடுத்து ஸ்லீப்பிங் பேக்குகளை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். இரவில் உடல் வெளியிடும் ஈரம் உள்ளே தங்கிச் சேர்ந்துகொண்டே போவதால், நாட்கள் செல்லச்செல்ல அவை குளிரைத் தாங்கும் திறனை இழக்கின்றன. உச்சி வெயிலில் நெடுநேரம் போட வேண்டாம். கூடாரத்தையும் காலி செய்து, மண்ணைப் பெருக்கி, எல்லா சன்னல்களையும் திறந்துவையுங்கள். நைலான் ஈரம்பட்டால் தளர்ந்துகொடுக்கும் என்பதால் இரவுப் பனிக்குப் பிறகு இழுகயிறுகள் தொய்ந்திருக்கும், அவற்றை இறுக்குங்கள்.

வண்டியைப் பார்க்கவும் இதுவே ஏற்ற வேளை. டயர் குளிர்ந்திருக்கும்போதுதான், அதாவது வண்டி நின்று குறைந்தது மூன்று மணி நேரமான பிறகுதான், காற்றழுத்தத்தைச் சரியாக அளக்க முடியும். ஓடிக்கொண்டேயிருக்கும் பயண நாட்களில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சமதரையில் நிற்கிற வண்டியின் என்ஜின் எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று சாதாரணக் கைபேசியை ஏறத்தாழ இரண்டு முறை நிரப்பும், ஓய்வு நாளுக்கு அது போதும். நின்றிருக்கும் வண்டியின் மின்துளையில் குளிர்பெட்டியையோ பல கருவிகளையோ நாள் முழுக்கச் செருகிவைத்தால், மறுநாள் காலை வண்டி கிளம்பாது.

8. சமைப்பவருக்கும் அன்று ஓய்வு

குடும்பத்தில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, மூன்று வேளையும் அடுப்பருகே நிற்க மற்றவர்கள் படுத்திருக்கும் நாளை ஓய்வு நாள் என்று சொல்வதற்கில்லை. வீட்டில் நடக்கும் பாகுபாடு முகாமிலும் அப்படியே தொடர்கிறது, கூடுதலாக அங்கே குழாயும் பாத்திரம் கழுவும் மேடையும் தொலைவில் இருக்கின்றன. ஆகவே அன்றைய உணவுத் திட்டத்தை வழக்கமாகச் சமைப்பவர் அல்லாத ஒருவர் வகுக்கட்டும். காலையில் எளிய சூடான உணவு. நண்பகலில் அடுப்பே மூட்டாமல் பழம், ரொட்டி, கொட்டை வகைகள் என்று அப்படியே உண்ணக்கூடியவை. மாலையில் ஒரே பாத்திரத்தில் ஆகும் உணவு. பாத்திரம் குறைந்தால் கழுவுவதும் குறையும். கழுவும் பொறுப்பை விவரம் தெரிந்த பிள்ளைகளிடமும் பிரித்துக் கொடுங்கள். அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் பெரியவர் வேலை.

"எதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பது உதவியாகாது, எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கும் சுமை மீண்டும் சமைப்பவரிடமே வந்துசேரும். சமையல் பெட்டியில் உள்ளவற்றை மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைத்தால் அவரை எழுப்பாமலே யாரும் எடுத்துச் செய்யலாம்.

சமைத்த உணவையும் பாலையும் ஐஸ் பெட்டிக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரமே எல்லை. ஓய்வு நாளில் மேசைமேல் எதையாவது வைத்துவிட்டுக் கொறித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் வரும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். உண்டு முடித்ததும் மிச்சத்தையும் குப்பையையும் மூடிவையுங்கள், கூடாரத்துக்குள் உணவு வேண்டாம். விலங்குகள் மணத்தைத் தேடி வரும். மழை பெய்தாலும் குளிர் வாட்டினாலும் கேஸ் அடுப்பையோ கரியடுப்பையோ கூடாரத்துக்குள் ஏற்றக் கூடாது. அடுப்பு வெளியிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

9. நண்பகலில் பிள்ளைகளும் நீர்நிலையும்

உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் அமைதி வேளை என்று முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். உறங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். படிக்கலாம், வரையலாம், கூழாங்கல் அடுக்கலாம், சும்மா கிடக்கலாம், பேச்சு மட்டும் கூடாது என்றால் பெரும்பாலான பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். அன்று ஒரு நாள் கைபேசியில் படம் பார்க்க அனுமதிப்பதா என்று பெற்றோர்கள் வாதிடுவதுண்டு. சற்று நேரம் சலிப்படைய விட்டால் பிள்ளைகள் தாங்களே விளையாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது என் கருத்து. முதல் அரைமணி நேர முனகலைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஏரியோ ஆறோ அருகில் இருந்தால் ஓய்வு நாள்தான் அதிக எச்சரிக்கை வேண்டிய நாள். பெரியவர்கள் கண்ணயர்ந்திருப்பார்கள், ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் நினைத்திருப்பார். நீரில் மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, சில நொடிகளில் ஓசையின்றி மூழ்கிவிடுவார். எனவே கண்காணிப்பை அரைமணி நேர முறை வைத்துப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த அரைமணியில் அவர் கையில் கைபேசியோ புத்தகமோ இருக்கக் கூடாது. நீந்தத் தெரியாத குழந்தை நீரில் இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அவர் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்து "இனி நான்" என்று வாயால் சொன்ன பிறகே முதலாமவர் நகரலாம். யாரும் பார்க்க இயலாத அமைதி வேளையில் பிள்ளைகள் எல்லோரும் கூடாரத்தருகே இருக்க வேண்டும்.

ஹேமக் என்னும் தொங்கு படுக்கையைக் கட்டுவதாக இருந்தால் உயிருள்ள, தொடையளவாவது பருத்த மரங்களில், பட்டையை அறுக்காத அகலமான நாடாவால் கட்டுங்கள். கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். இறுக்கி இழுத்துக் கட்டினால் மரத்தின்மேல் விசை பலமடங்காகும், படுப்பவரும் எளிதில் கவிழ்வார். உட்காரும் உயரம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதன் கீழே கல்லோ முளையோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்களையும் அன்று கவனியுங்கள். கழுவி, விரலிடுக்குகளை நன்கு உலர்த்தி, கொப்புளம் இருந்தால் மூடிக் கட்டிவிட்டு, பகல் முழுக்கத் திறந்த செருப்போடு இருங்கள். புல்லிலும் புதரிலும் விளையாடிய பிள்ளைகளின் காதின் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று குளிக்கவைக்கும்போது பாருங்கள். ஒட்டியிருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது.

10. மழை வந்தால்

தார்ப்பாய் ஒன்றைக் கூடாரத்துக்கு வெளியே, ஒரு பக்கம் தாழ்த்தி, உட்கார்ந்து உண்ணும் இடத்துக்கு மேலாகக் கட்டிவைத்தால் மழை நாளும் ஓய்வு நாளாகவே இருக்கும். இடி மின்னல் வேறு விஷயம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவாக எண்ண முடிந்தால் உடனே கூரை மூடிய காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். கூடாரமும் தார்ப்பாயும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல.

11. மாலையும் மறுநாள் புறப்பாடும்

மாலை 5 மணிக்குத் துணியை எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் காய்ந்ததும் ஈரமாகும். மறுநாள் தேவைப்படாதவற்றை மட்டும் அப்போதே மூட்டைகட்டி வண்டியில் ஏற்றலாம். இதற்கு அரைமணிக்கு மேல் செலவிட வேண்டாம். பல தளங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். நெருப்பை அதற்கு முன்பே அணையுங்கள்: தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் ஊற்றி, கையை அருகே கொண்டுபோனால் சூடே தெரியாத நிலை வரும்வரை விட்டுச்செல்லக் கூடாது.

காலி செய்யும் நேரத்திலிருந்து பின்னோக்கி மூன்று மணி நேரம் எண்ணி விழிக்கும் நேரத்தை முடிவுசெய்யுங்கள். 11 மணிக்குக் காலி செய்ய வேண்டுமென்றால் 8 மணிக்கு எழுந்தாலும் போதும். ஈரமான கூடாரத்தை வேறு வழியின்றிச் சுருட்டினால், அன்று மாலையே அடுத்த தளத்தில் விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

யாருக்காவது உடல்நலம் சரியில்லாமல் இன்னோர் இரவு தங்க வேண்டியிருந்தால், காலி செய்யும் நேரம் வரை காத்திராமல் அலுவலகம் திறந்தவுடன் போய்க் கேளுங்கள். இடம் வேறொருவருக்குப் போயிருந்தாலும், ரத்தான இடங்கள் காலையில்தான் அவர்களுக்குத் தெரியவரும், முதலில் கேட்டவருக்கே அது கிடைக்கும். நீட்டிப்புக்கான ரசீதில் புதிய தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இடத்தின் கம்பத்தில் சீட்டு மாட்டும் வழக்கம் அங்கே இருந்தால் பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். அடுத்த தளத்துக்கும் அந்நேரமே தகவல் சொல்லி, முதல் இரவுக் கட்டணம் போனாலும் எஞ்சிய இரவுகளின் பதிவு நிற்குமா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.